மருந்துக் குச்சி, வெறுங்குச்சி

பங்குனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில், பேரூராட்சி உரக்கிடங்கின் கொட்டகைக்குள் இருந்த ஒரு தகர டின்னில் பொன்னுத்தங்கம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியதோடு விடவில்லை. பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்து நன்றாகக் கலக்கியும் விட்டாள். அந்த டின்னுக்குள் இருந்தது சங்கத்தின் ஓட்டு.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை வைத்து ஊரில் பேசிய பேச்சு வேறு வேறு விதம். அதனால் இடத்தையும் வேலையையும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

சிவகாசிக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பேரூராட்சி. விடிந்தும் விடியாமலும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். வேன் ஏறாதவர்களில் சிலர் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் வெடி சுற்றுகிறவர்கள். இன்னும் சிலர், அவர்கள் கழித்துப் போட்டதைத் தெருவில் அள்ளுகிறவர்கள். பொன்னுத்தங்கம் அள்ளுகிறவள்.

மற்ற ஊர்க் குப்பை மாதிரி இல்லை இந்த ஊர்க் குப்பை. கத்தரிக்காய்க் காம்புக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவே ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்தால் சாம்பல் நிறத்தில் மருந்து. அச்சாபீஸிலிருந்து வரும் காலண்டர் வெட்டுத்தாள் மூட்டைக்கு அடியில் நனைந்த சரவெடி கிடக்கும். போன வருஷம் தை மாதம், கூட அள்ளுகிற கற்பகவல்லி ஒரு பிஸ்கட் டின்னைக் கொட்டித் தரம்பிரிக்கப்போனாள். உள்ளே என்ன உரசியதோ, இன்றுவரை தெரியாது. இடது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு வழக்கம் வந்தது. சந்தேகப்படும்படியாக எது கண்ணில் பட்டாலும் முதலில் தண்ணீர், அப்புறம் கலக்கு, அதற்குப் பிறகுதான் அது யாருடையது என்கிற விசாரணை. கற்பகவல்லியைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவள் பொன்னுத்தங்கம். அவளுக்கு அந்த வழக்கம் கையிலேயே ஏறிவிட்டது.

அவள் கணவன் தங்கச்சாமி குப்பை டிராக்டர் ஓட்டுகிறவர், பேரூராட்சியின் நிரந்தர ஊழியர், சங்கத்துச் செயலாளர். அவளோ காண்ட்ராக்ட். பத்து வருஷம் தாண்டியும் காண்ட்ராக்ட். தூய்மைப் பணியில் நிரந்தரம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், மற்றதெல்லாம் ஒப்பந்தப் பெண்கள். இரண்டு தரப்பும் ஒரே சங்கமாக இருப்பது இந்த வட்டாரத்தில் அபூர்வம். தங்கச்சாமி ஒட்டுப்போட்டுக் கட்டிய சங்கம் அது.

புது ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை மார்கழியில் தொடங்கியது. செயல் அலுவலரை எல்லோரும் இ.ஓ. என்றுதான் சொல்வார்கள். அவர் அறைக்குத் தங்கச்சாமியும் பொருளாளர் சவரியப்பனும் போய்ப்போய் வந்தார்கள். கேட்டவற்றில் பெரியவை இரண்டு. பட்டாசுக் கழிவைப் பெண்கள் கையால் தரம்பிரிக்கக்கூடாது, அதற்கென்று பயிற்சி பெற்ற தனி ஆட்கள் வேண்டும் என்பது ஒன்று. பத்து வருஷம் தாண்டிய ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு இ.ஓ. பரிந்துரை அனுப்ப வேண்டும் என்பது இன்னொன்று.

கடைசிப் பேச்சு முடிந்து வந்தபோது முதலாவது இருந்தது. இரண்டாவது இல்லை. ‘அடுத்த பேச்சுவார்த்தையில் பரிசீலிக்கப்படும்’ என்று ஆகியிருந்தது.

உரக்கிடங்கு வாசலில், வேப்பமர நிழலில், தங்கச்சாமி அதை வாசித்து முடித்ததும் முதலில் வாய் திறந்தவன் சவரியப்பன். டீக்கடையில் கிளாஸைக் கழுவுவதைக் கண்ணால் பார்த்தால்தான் டீ வாங்குகிற ஆள்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு ரூம்புல பேசும்போது பரிந்துரையை அனுப்புறேன்னுதான இ.ஓ. தலைய ஆட்டுனாரு? நானும்தான இருந்தேன். அப்புறம் ஒன்னுக்குப் போய்ட்டு வந்து பாத்தா நீங்க அவரு ஜீப்புல ஏறிப் போயாச்சு."

"கிடங்கப் பாக்கணும்னாரு. வழி காட்டப் போனேன்."

"கிடங்கு கிழக்க இருக்கு. ஜீப்பு மேக்க போச்சு."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. கற்பகவல்லி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து சொன்னாள். "ஆனைக்குட்டம் விலக்குல இறங்குனீகளே அண்ணே. நான் பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தேன். கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தாக. வழி காட்டுறதுக்குக் கண்ணாடிய எதுக்கு ஏத்தணும்?"

"ஏசி போட்டிருந்தாரு, தாயி."

"ஏசியா! அப்ப குளுகுளுன்னுதான் பேசியிருப்பீக."

தங்கச்சாமி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "புடிச்சா ஏத்துக்கோங்க. புடிக்கலேன்னா வேணாம்னு போடுங்க. வெள்ளிக்கிழமை ஓட்டு. அதுலருந்து பத்து நாள்ல, திங்கக்கிழமைக்குள்ள முடிவு போகலேன்னா பேசுனது எதுவுமே இல்லைன்னு சொல்லிட்டாரு."

ஜீப் விஷயம் பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கை கழுவி, சாப்பிட்டு, கயிற்றுக் கட்டிலில் படுத்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்டுப் போடுகிற முறையையும் சொல்ல வேண்டும். சங்கத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியும் குச்சி அடைத்தும் வளர்ந்தவர்கள் பாதிப்பேர். தாளை மடித்திருக்கிற அழகைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் குச்சி. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்தில் முக்கியெடுத்த குச்சியும் முக்காத வெறுங்குச்சியும் வாங்கி வந்து ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கொடுப்பார்கள். மருந்துக் குச்சி என்றால் சரி. வெறுங்குச்சி என்றால் வேண்டாம். டின்னின் வாயில் துண்டைக் கட்டி, நடுவில் கை நுழைய ஓட்டை விட்டிருக்கும். ஒன்றை உள்ளே போட்டுவிட்டு, மிச்சக் குச்சியைப் பொத்திய கையோடு கொண்டுபோய் வாசலில் இருக்கிற தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டும். அதையும் உடனே கலக்கி விடுவார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று சாமிக்குக்கூடத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பேட்ச் வேலைக்குக் கிளம்புகிறபோதே பொன்னுத்தங்கம் ஓட்டைப் போட்டுவிட்டுத் தள்ளுவண்டியோடு தன் வார்டுக்குப் போய்விட்டாள். மதியம் மற்றவர்கள் போட்டு முடித்தார்கள். காவலுக்கு இருந்தவன் சவரியப்பன். வெயில் டின்னில் இறங்கியது. தகரம் கையைச் சுட்டது. மருந்து வெயிலில் இருக்கக்கூடாது என்று டின்னைத் தூக்கிக் கொட்டகைக்குள், நிழலான மூலையில் வைத்தான். துண்டு அவனுடையது. வேர்வை வழிந்துகொண்டிருந்ததால் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, டிராக்டர் வந்ததும் எல்லோர் முன்னாலும் எண்ணிக்கொள்ளலாம் என்று எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். கடையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும், மூலை தெரியாது.

பொன்னுத்தங்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகையைச் சாத்த வந்தாள். மூலையில் ஒரு டின். உள்ளே தீக்குச்சிகள். பக்கத்திலேயே மற்றக் கழிவு டின்கள். எந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரன் கழித்துக் கொட்டினானோ என்று மனதுக்குள் வைதுகொண்டே வாளியைத் தூக்கினாள்.

எல்லோரும் வந்து பார்த்தபோது தண்ணீர் ரோஸ் நிறத்தில் நுரைத்திருந்தது. குச்சியெல்லாம் மருந்து கரைந்து, ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறி, ஒரே நிறமாக மிதந்தன.

"மதினி," என்றான் சவரியப்பன். "என்ன மதினி செஞ்சீக?"

அவள் டின்னைப் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "துண்ட எதுக்குத் தம்பி அவுத்த?"

"நான் துண்ட அவுத்ததுதான் குத்தமா? ஓட்டக் கலக்கி விட்டுட்டு நிக்கீக!"

டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த தங்கச்சாமி டின்னுக்குள் கையை விட்டுச் சில குச்சிகளை எடுத்துப் பார்த்தார். விரல் நுனி சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போட்டார்.

அவர் ஒன்றும் சொல்லாததுதான் வினையாயிற்று. சாயங்காலத்துக்குள் இரண்டு கதைகள் கிளம்பிவிட்டன. ஒப்பந்தப் பெண்கள் சொன்னது ஒன்று: வேண்டாம் என்றுதான் நிறைய விழுந்திருக்கிறது, புருஷன் தோற்றுப்போகாமல் இருக்கப் பெண்டாட்டி தண்ணீர் ஊற்றிவிட்டாள். நிரந்தரக்காரர்கள் சொன்னது இன்னொன்று: சரி என்றுதான் விழுந்திருக்கிறது, தனக்கு நிரந்தரம் இல்லை என்கிற ஆத்திரத்தில் கெடுத்துவிட்டாள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டையும் நம்பினவர்களும் இருந்தார்கள்.

வீட்டில் மகள் யோகேஸ்வரி சமைத்து வைத்திருந்தாள். காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. சீசன் முடிந்துவிட்டதால் பாதிநாள் வீட்டில்தான். புளிக்குழம்பும் சீனியவரைக்காய் வத்தலும். தட்டு போட்டாயிற்று. இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ தெரிஞ்சு ஊத்துனியா, தெரியாம ஊத்துனியா?" என்றார் தங்கச்சாமி.

"நீங்களுமா கேக்குறீக?"

"நாளைக்கு என்னையக் கேப்பாகள்ல. பதில் சொல்லணும்ல."

"அப்ப நான் ஒண்ணு கேக்குறேன். என்னையவும்தான் கேக்குறாக. ஜீப்புல என்ன பேசுனீக?"

"முதல்ல நீ சொல்லு."

"முதல்ல ஏறுனது நீங்க. நீங்கதான் முதல்ல சொல்லணும்."

யோகேஸ்வரி கரண்டியோடு நின்றாள். "குழம்பு ஆறிப்போகும். ஊத்தவா, வேணாமா?"

தங்கச்சாமி அவளை முறைத்தார். "இந்த வீட்டுல கொஞ்ச நாளைக்கு ஊத்துங்கிற பேச்ச எடுக்காத."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுத்தங்கத்துக்கும் உதடு கோணியது. ஆனால் சிரிப்பு வெளியே வரவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு சொன்னாள். "பழக்கத்துல ஊத்திட்டேன். அம்புட்டுத்தான். நம்புனா நம்புங்க."

"எந்தக் குச்சி போட்ட?"

"அதக் கேக்கப்படாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வெறுங்குச்சிதான் போட்டிருப்பாள் என்று மனதில் முடிவு கட்டிக்கொண்டு சாப்பிட்டார். அவளுக்கும் அது தெரிந்தது. மனுஷன் வத்தலைத் தொடவில்லை.

அடுத்த வாரம் முழுக்கப் பொன்னுத்தங்கம் தனியாகத்தான் வண்டி தள்ளினாள். விடியற்காலையில் வருகைப்பதிவு முடிந்ததும் பெண்கள் சேர்ந்து டீக்கடைக்குப் போவார்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை. வெயில் காலையிலேயே முதுகில் ஏறியது. ஒரு வீட்டில் ஒரு அம்மாள் சாக்கு மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லக்கா, வெறும் தாளுதான்" என்றாள். பொன்னுத்தங்கம் மூட்டையை அமுக்கிப் பார்த்தாள். அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மூட்டைக்குள் கவிழ்த்தாள். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை கற்பகவல்லி தானாகவே அவள் பக்கத்தில் வந்து வண்டியைத் தள்ளினாள். நல்ல கையால் பிடித்து, ஒட்டிய கையால் முட்டுக்கொடுத்து.

"எக்கா, நான் கேக்குறேன்னு கோவிச்சுக்காத. அண்ணனக் காப்பாத்தணும்னு செஞ்சியா?"

"அவரக் காப்பாத்துறதுக்கு ஜீப்பு இருக்குல்ல. நான் எதுக்கு?"

கற்பகவல்லி வண்டியை ஒரு மேட்டில் முட்டி ஏற்றினாள். "நீ ஊத்துன தண்ணியப் பாத்தேன்க்கா. நல்லாக் கலக்கியிருந்த. அடி மட்டம் வரைக்கும் கலக்கியிருந்த. வேணும்னு செய்யுறவ அப்படிப் பதறிக் கலக்க மாட்டா. நான் மத்தவளுககிட்டச் சொல்லிட்டேன். அவளுக நம்பல."

"நீ நம்புறியா?"

"முக்கால்வாசி."

"கால்வாசி எங்க போச்சு?"

"அது உன் புருஷனால போச்சு," என்றாள் கற்பகவல்லி.

ஞாயிற்றுக்கிழமை காலை மறு ஓட்டு. மறுநாள் திங்கட்கிழமை, இதை விட்டால் வேறு நாள் இல்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். சவரியப்பன் புது டின், புதுத் துண்டு, குச்சிக் கட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

"ஒரே ஒரு கண்டிசன்," என்றான். "தண்ணி வாளி இங்கன இருக்கப்படாது. மிச்சக் குச்சிய அவுக அவுக வீட்டுக்குக் கொண்டு போயிரட்டும்."

"டின்னுக்குக் காவலு?" என்று கேட்டது ஒரு குரல்.

யாரும் முன்வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கற்பகவல்லி சொன்னாள். "எக்காவே உக்காரட்டும். அம்புட்டுப் பேரு கண்ணும் அவ மேலதான இருக்கு. எங்க போவா?"

சிரித்தார்கள். பொன்னுத்தங்கம் எழுந்து வந்தாள். டின்னுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"உக்காருறேன். ஆனா வாளி இருக்கணும். மருந்து இருக்கிற எடத்துல தண்ணி இல்லாம நான் உக்கார மாட்டேன். கற்பகவல்லி கையப் பாத்தவ நான்."

சவரியப்பன் எழுந்து போனான். வாளி வந்தது.

"இன்னொண்ணு. ஓட்டுக்கு முன்னாடி அவரு ஜீப்புல பேசுனத இங்கன சொல்லணும். வீட்டுல கேட்டுட்டேன். சொல்லல. இங்கன சொல்லட்டும்."

தங்கச்சாமி மனைவியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். செருப்புக் காலால் மண்ணைக் கீறினார்.

"ரெண்டுல ஒண்ணத்தான் தர முடியும்னாரு. பரிந்துரை வேணும்னு நின்னா, அடுத்த டெண்டர்ல வர்ற காண்ட்ராக்டரு பத்து வருஷம் ஆன பொம்பளைகள மொதல்ல கழிச்சு விட்ருவான், அத நான் தடுக்க முடியாதுன்னாரு. இதெல்லாம் ரூம்புல பேச முடியாதுன்னுதான் ஜீப்புல ஏறச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீக?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"பரிந்துரைய விட்டுர்றேன்னு சொன்னேன். கழிவ அள்ளத் தனி ஆளப் போடுங்கன்னேன். நான்தான் சொன்னேன். அவரு எடுக்கல. நானா விட்டது."

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று சவரியப்பன் துள்ளினான்.

"சும்மா இருலே! ராத்திரி படுத்தா கற்பகவல்லி கைதான் கண்ணுல நிக்கி. ஏம் பொண்டாட்டியும் தினம் அந்தக் கழிவுக்குள்ளதான் கைய விடுறா. நிரந்தரம் ஆகி என்ன செய்ய, கை இல்லாம? கையெழுத்துப் போடவா?"

அவர் சொன்னது பொய்யில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கற்பகவல்லி முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். "அண்ணே, இந்தக் கையத்தான காட்டிப் பேசியிருக்கீக?"

"ஆமா தாயி."

"இது ஏங் கைதான? என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"நான் சொல்லியிருப்பேன். ரெண்டும் வேணும்னு சொல்லியிருப்பேன். கழிச்சு விட்டா விடட்டும், இ.ஓ. ஆபீஸ் வாசல்ல உக்காருவோம்னு சொல்லியிருப்பேன். இல்ல, நீங்க சொல்றதே சரின்னுகூடச் சொல்லியிருப்பேனோ என்னமோ. கேட்டாத்தான தெரியும்?"

"பயந்தேன்," என்றார் தங்கச்சாமி. "வித்துட்டேன்னு சொல்லுவீகன்னு பயந்தேன்."

"சொல்லாம இருந்ததுனாலதான் சொன்னோம்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

சவரியப்பன் குச்சிகளைக் கொடுக்க ஆரம்பித்தான். முதல் ஆளாகப் பொன்னுத்தங்கம் இரண்டு குச்சிகளையும் வாங்கினாள். வழக்கப்படி பொத்திக்கொண்டு போகவில்லை. நேராகத் தங்கச்சாமி முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தாள்.

"அன்னிக்கு எதப் போட்டன்னு கேட்டீகள்ல?"

"மதினி, காட்டப்படாது!" என்று பதறினான் சவரியப்பன்.

"ஏங் குச்சி. நான் காட்டுறேன்." மருந்துக் குச்சியை இரண்டு விரலால் எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "இதத்தான் போட்டேன். எனக்கு நிரந்தரம் இல்லேன்னு தெரிஞ்சே போட்டேன். ஜீப்பப் பத்திக் கேள்விப்பட்டும் போட்டேன். என்னமோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

தங்கச்சாமிக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏதோ சொல்ல வந்தார்.

அவள் நிற்கவில்லை. மருந்துக் குச்சியை வாளித் தண்ணீரில் போட்டாள். வெறுங்குச்சியை எல்லோரும் பார்க்க டின்னுக்குள் விட்டாள். பிறகு டின்னுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாளியை மடிக்கு அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். போட்டார்கள். அவர்கள் கை அவளுடைய முகத்துக்கு நேராகத்தான் டின்னுக்குள் போய் வந்தது. அவள் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தங்கச்சாமி வந்தார். கையைப் பொத்தி உள்ளே விட்டார். அவர் எதைப் போட்டார் என்று அவள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

சவரியப்பன் துண்டை அவிழ்த்து, தரையில் ஒரு சாக்கை விரித்துக் கொட்டினான். மருந்துக் குச்சி ஒரு குவியல், வெறுங்குச்சி ஒரு குவியல். எண்ணுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் இரண்டுமுறை எண்ணினான். ஒருமுறை கற்பகவல்லியை எண்ணச் சொன்னான். அவள் ஒட்டிய விரல்களால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினாள். வெறுங்குச்சிக் குவியல்தான் பெரிது.

"அப்ப ஒப்பந்தம் இல்ல," என்றார் தங்கச்சாமி. சட்டைப்பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு வேணாம்னு போய்ச் சொல்லணும். காண்ட்ராக்டரு என்ன செய்வானோ, தெரியாது. செயலாளரும் வேற ஆளப் பாத்துக்கோங்க."

"வேற ஆளு எதுக்கு?" என்றாள் கற்பகவல்லி. "நீங்களே வாங்க. நாங்களும் வாறோம். காலையில இங்கன கூடி, நடந்தே போவோம்."

"ஜீப்புல ஏறச் சொன்னாருன்னா?" என்றார் தங்கச்சாமி.

"அம்புட்டுப் பேரும் ஏறுவோம்," என்றான் சவரியப்பன். "டயரு தாங்குதான்னு பாப்போம்."

சிரிப்பு கிளம்பியது. தங்கச்சாமி சிரிக்கவில்லை, ஆனால் போய்விடவும் இல்லை, மரத்தடியிலேயே உட்கார்ந்தார்.

சாக்கில் குச்சிகள் அப்படியே கிடந்தன. வெயில் நிழலைத் தள்ளிக்கொண்டு சாக்கின் ஓரத்துக்கு வந்துவிட்டது. சவரியப்பன் எல்லாவற்றையும் டின்னில் அள்ளிப்போட்டான். அதற்குமேல் யாரும் கை வைக்கவில்லை. எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். பொன்னுத்தங்கத்தையும் பார்த்தார்கள்.

அவள் எழுந்து வாளியைத் தூக்கினாள். டின்னுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எண்ணியாச்சா தம்பி?"

"எண்ணியாச்சு மதினி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மூணு தடவ எண்ணியாச்சு. ஊத்துங்க."

அவள் ஊற்றினாள். கற்பகவல்லி கம்பை எடுத்து அடி மட்டம் வரைக்கும் கலக்கினாள்.